கேட்கக் கற்றவள்

பசியாவரத்தில் ஆடி பிறந்தால் வலை தண்ணீரைத் தொடக்கூடாது. ஊரில் இருக்கிற வலை அத்தனையும் கங்கையம்மன் கோயில் முன்னால் வந்து குவிந்துவிடும். ஆடிக் கடைசி வெள்ளியன்று அம்மா இறங்கி வந்து 'எடு' என்று ஒரு வார்த்தை சொன்னால்தான் குவியலைப் பிரிப்பார்கள். சொல்லாவிட்டால் அடுத்த அமாவாசை வரை அப்படியே கிடக்க வேண்டியதுதான். பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்காரன் என்கிற டச்சுக்காரன் பீரங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காலம் அது. அவனுக்கு இறால் வேண்டுமென்றால் வேறு ஊரில் போய் வாங்கிக்கொள்ளட்டும். பசியாவரத்தான் அம்மாவைக் கேட்காமல் வலையைத் தொடமாட்டான்.

அம்மா வருவது அம்மணி மேல். வயசுக்கு வந்த வருஷத்திலிருந்தே அப்படித்தான். அவளுடைய அண்ணன் தருமன் உடுக்கையை அடித்து அம்மாவை அழைக்கிற வர்ணிப்புப் பாடுவான். மூன்றாவது பாட்டு முடிவதற்குள் அம்மணிக்கு உடம்பு உதறும், கொண்டை அவிழும், அதற்குமேல் அவள் அங்கே இருக்கமாட்டாள். சனம் ஒவ்வொருவராக வந்து தங்கள் குறையைச் சொல்லும், அம்மா பதில் சொல்லுவாள். அம்மா உடம்பைவிட்டு மலையேறின பிறகு அம்மணியை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள். யாருக்கு என்ன சொன்னோம் என்று அவளுக்கு எதுவும் தெரியாது. தன் வாயிலிருந்து வந்ததை அடுத்தவர் சொல்லித்தான் அவள் கேட்டுக்கொள்வாள்.

கல்யாணமான புதிதில் அதைக்கூடக் கேட்டுக்கொள்ளமாட்டாள். அலுப்பில் படுத்துத் தூங்கிவிடுவாள். மூன்று வருஷத்துக்கு முன் அவளுடைய ஒரே பிள்ளை சின்னதம்பிக்கு அம்மை போட்டது. நாலு வயசுப் பிள்ளை. வேப்பிலையில் படுக்கவைத்து, இளநீர் கொடுத்து, என்னென்னவோ செய்து பார்த்தார்கள். நிற்கவில்லை. "அம்மா எடுத்துக்கினா" என்றது ஊர். அம்மா எடுத்துக்கொண்ட பிள்ளைக்கு அழக்கூடாது, அழுதால் அவளுக்குக் கோபம் வரும் என்றும் சொன்னார்கள். பெற்றவளைப் பார்த்து அழாதே என்று சொல்ல அந்த வாய்கள் எப்படித்தான் துணிந்தனவோ. அம்மணி அழவில்லை. சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டாள், தூக்கத்தை விட்டாள்.

அந்த வருஷ ஆடியில் அம்மா மலையேறினதும் அவள் புருஷன் கோபால் அவள் காதருகே குனிந்து சொன்னான்: "புள்ள எங்கிட்டதான் கீறான், அழுவுறதில்லைன்னு அம்மா சொன்னா." அடுத்த ஆடியில் வந்து, "மத்தப் புள்ளைங்களோட ஓடியாடுறானாம்" என்றான். போன ஆடியில், "முன்பல்லு ஆடுதாம்" என்றான். ஆறு வயசாகியிருக்குமே, ஆடத்தானே செய்யும் என்று அம்மணி கணக்குப் போட்டுப் பார்த்தாள். அந்த ஒரு பல்லை வைத்துக்கொண்டு அவள் ஒரு வருஷத்தை ஓட்டினாள். ஆடிக் கடைசி வெள்ளி எப்போது வரும், அம்மா வந்து பிள்ளையைப் பற்றி இன்னொரு வார்த்தை எப்போது சொல்லுவாள் என்பதைத் தவிர அவளுக்கு வேறு எதிர்பார்ப்பு இல்லை.

வீட்டில் சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று கோபால்தான் அவளை வேலைக்கு அனுப்பினான். பழவேற்காட்டில் கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு துரை வீடு. தினமும் காலையில் படகில் போய் அங்கே சமையல்கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து மீன் ஆய்ந்து கொடுக்க வேண்டும். அந்தத் துரை நாலு ஆட்களை வாங்கி வைத்திருந்தான். ஊர் பேர் தெரியாத நாலு பேர். ஆட்களை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றி விட்டுக்கொண்டிருந்த காலத்தில், இந்த நாலு பேரைக் கப்பலேற்றாமல் நிறுத்தி, ஆளுக்கொரு பிடிலோ குழலோ கொடுத்து, சாப்பாட்டு வேளையில் வாசிக்கச் சொல்லியிருந்தான். மகராசனுக்கு வாத்தியம் இல்லாமல் சோறு இறங்காது.

அவர்களைப் பழக்கியவர் ஆபிரகாம் அண்ணாவியார். பழவேற்காட்டுக்காரர்தான், கோட்டைக்குள் இருக்கிற கிறிஸ்தவக் கோயிலில் பாட்டு நடத்துகிறவர். அவரும் ஒரு பிடிலை வைத்துக்கொண்டு கூடவே வாசிப்பார். துரைக்கு ஒரே புகார், ஐந்து பேரும் சேர்ந்து வரவில்லை என்று. யார் பிசகுகிறார்கள் என்பது அண்ணாவியாருக்குப் பிடிபடவில்லை. தானும் வாசித்துக்கொண்டே எப்படிக் கேட்பது? ஒருநாள் முற்றத்துக்கு அந்தாண்ட உட்கார்ந்திருந்த அம்மணியைப் பார்த்துக் கேட்டார்.

"அங்கருந்து உனக்கு எப்படிக் கேக்குது?"

"சத்தமா கேக்குது அண்ணாவியாரே."

அவர் சிரித்துவிட்டார். அம்மணி விளையாட்டாகச் சொல்லவில்லை. பாட்டைக் கேட்பது என்று தனியாக ஒரு வேலை இருப்பதே அவளுக்குத் தெரியாது. படகு தள்ளும்போது பாடினால் கை தானாகத் தள்ளும். எழவு வீட்டில் பாடினால் கண்ணீர் வரும். உடுக்கை அடித்தால் அம்மா வருவாள். பாட்டு வந்து ஆளை இழுத்துக்கொண்டு போகும், அவ்வளவுதான். அதை நிறுத்திவைத்து ஆராய்ந்து பார்க்க யாருக்கு நேரம்?

"எல்லாத்தையும் கேக்காதே. அதோ அந்தப் பெரிய பிடில் கீதே, அடியில முனகிக்கினு, அதை மட்டும் கேளு. மத்ததெல்லாம் இல்லைன்னு நெனச்சிக்கோ" என்றார் அண்ணாவியார்.

முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. நாலைந்து நாளில் பெரிய பிடில் தனியாகப் பிரிந்து வந்தது. அப்புறம் குழல் வந்தது. அப்புறம் இரண்டு சின்னப் பிடில்களில் ஒன்று எப்போதும் கொஞ்சம் பின்தங்கியே வருவது தெரிந்தது. மீனிலிருந்து முள்ளை உருவுகிற மாதிரி ஒவ்வொன்றையும் உருவி எடுக்க அவளுக்கு வந்துவிட்டது. "அந்த நெட்டையன்தான் பிந்தி வரான், வரியோட கடைசில" என்று சொன்னாள். அண்ணாவியார் நெட்டையனைத் தனியாக வாசிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

அதன் பிறகு தினமும் அவளைக் கூப்பிட்டுக் கேட்க ஆரம்பித்தார். அம்மணிக்கு அது பிடித்திருந்தது. பிள்ளை போனதிலிருந்து எதுவுமே பிடிக்காமல் இருந்தவளுக்கு அது ஒன்று பிடித்திருந்தது, அதை ஒளிப்பானேன். கைகளால் மீனை ஆய்ந்தபடி காதை வேறு எங்கோ வைத்திருப்பாள். அந்த நேரத்துக்குச் சின்னதம்பி முகம் வந்து நிற்காது. வைகாசிக்குள் துரையின் புகார் நின்றுபோனது.

ஆனால் கற்றுக்கொண்டது துரை வீட்டோடு நிற்கவில்லை. ஆனியில் ஊரில் ஒரு சாவு விழுந்தது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாரடித்துப் பாடினார்கள். அம்மணியும் போய் உட்கார்ந்தாள். எல்லாரும் குலுங்கிக் குலுங்கி அழ, இவளுக்கு மட்டும் யார் முந்துகிறாள், யார் குரல் கீழே இறங்குகிறது என்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. பயந்துபோய் எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் அண்ணாவியாரிடம் கேட்டாள். "கோயில்ல பாடும்போது உங்களுக்கு அழுகை வருமா?"

"சின்ன வயசுல வந்துச்சி. இப்ப அழுதா பாட்டை யாரு நடத்துறது?"

"திரும்பி வருமா அது? பழையபடி?"

அவர் பிடிலைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "தெரியலம்மா. கத்துக்கினதை எங்க போய்க் கொட்டுறது?"

அம்மணி அன்றோடு துரை வீட்டு வேலையை விட்டுவிட்டாள். கோபாலிடம் உடம்பு சரியில்லை என்றாள். ஆடி முழுக்கக் காதில் எந்தப் பாட்டும் விழாமல் பார்த்துக்கொண்டாள். மறந்துபோகும் என்று நம்பினாள்.

ஆடிக் கடைசி வெள்ளி வந்தது. அந்த வருஷம் ஊரில் பஞ்சம் மாதிரிதான் இருந்தது. சித்திரையிலிருந்தே ஏரி சரியில்லை. ஆடியில் வலையும் குவிந்துவிட, கையால் தடவிப் பிடிக்கிற நண்டையும் பனங்கிழங்கையும் வைத்து ஓட்டினார்கள். கைப்பிள்ளைக்காரி முனியம்மாளுக்குப் பால் வற்றிப்போய், குழந்தை கத்திக் கத்திக் குரலே கம்மிவிட்டது. சாயங்கால வெயில் இறங்கும் நேரத்தில் ஊரே கோயில் முன்னால் கூடியிருந்தது. மஞ்சள் தண்ணீரில் குளித்து, வேப்பிலையைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மணி நடுவில் உட்கார்ந்தாள்.

தருமன் உடுக்கையை எடுத்தான். முதல் அடியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கடல்காற்றில் ஒரு பக்கத்துத் தோல் தொய்ந்திருக்கிறது. அண்ணன் ஒவ்வொரு வரிக் கடைசியிலும் அவசரப்படுகிறான். பின்பாட்டுப் பாடும் தெய்வசிகாமணி அவனைவிடக் கீழே நின்றுகொண்டு மேலே ஏற முடியாமல் திணறுகிறான். இத்தனை வருஷமும் இப்படித்தான் பாடியிருப்பார்கள். அவளுக்குத்தான் கேட்டதில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். கேட்காதே, கேட்காதே என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். கண்ணை மூடினதில் இன்னும் நன்றாகக் கேட்டது.

மூன்றாவது பாட்டு முடிந்தது. ஐந்தாவது முடிந்தது. அம்மணி உட்கார்ந்தது உட்கார்ந்தபடி இருந்தாள்.

தருமன் முகம் சுருங்கிவிட்டது. குற்றம் உடுக்கையில்தான் என்று நினைத்தான் பாவம். சருகைக் கொளுத்தி, உடுக்கையை அனலில் காட்டித் தோலை முறுக்கேற்றினான். தெய்வசிகாமணியை நிறுத்திவிட்டுத் தனியாகப் பாடினான். இந்தத் தடவை உடுக்கை கணீரென்று பேசியது. குரலும் அதோடு ஒட்டி நின்றது. 'இப்பத்தான் நல்லாகீது' என்று அம்மணி மனசுக்குள் சொன்னாள். சொன்னதும்தான் உறைத்தது. அம்மாவைக் கூப்பிடுகிற பாட்டுக்கு அவள் நல்லது கெட்டது சொல்லிக்கொண்டிருக்கிறாள். இந்த மண்டைக்குள் அம்மா எங்கே வந்து உட்காருவாள்?

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. "துரை வூட்டுக்குப் போனா அம்மா வருவாளா?" என்று யாரோ ஒருத்தி சொன்னது எல்லாருக்கும் கேட்டது. கோபால் அந்தப் பக்கம் திரும்பி முறைத்தான். ஊர்ப் பெரியவர் வேதாசலம் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார். "அம்மாவுக்கு இஷ்டமில்லை. இன்னா பண்றது, அமாவாசை வரைக்கும் வலை கெடக்கட்டும்" என்றார். முனியம்மாள் குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். அது அழக்கூட இல்லை.

அம்மணி அந்தக் குழந்தையைப் பார்த்தாள். 'தாயே, நீ வரலை. வந்தா உன் வாயால சொல்லுவ. வராதப்போ நான் இன்னா பண்ணுவேன்? தப்புன்னா என்னை எடுத்துக்கோ, இதுங்களை வுட்டுடு' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். வேப்பிலை பிடித்த கையை உதறினாள். கொண்டையை அவிழ்த்துக்கொண்டு எழுந்தாள்.

சனம் கையெடுத்துக் கும்பிட்டது. தருமனுக்கு உயிர் வந்தது. விரல் பறக்க அடித்தான். அம்மணி ஆடினாள். கொஞ்ச நேரத்தில் தருமன் அவள் காலைப் பார்க்க ஆரம்பித்தான். ஒவ்வொரு வருஷமும் அம்மாவின் கால் உடுக்கைக்கு அடங்கினதே இல்லை. அது பாட்டுக்கு ஒரு பக்கம் போகும், இவன்தான் பின்னாலேயே துரத்திக்கொண்டு அடிப்பான். இந்த வருஷம் ஒவ்வொரு அடிக்கும் கால் சரியாக வந்து விழுந்தது. அவன் வேண்டுமென்றே ஒரு அடியை விட்டுப் பார்த்தான். காலும் ஒரு அடி நின்றது.

அவன் தலையைத் தூக்கினான். அம்மணி அவனை நேராகப் பார்த்தாள். அம்மா யாரையும் அப்படி நேராகப் பார்க்கமாட்டாள். கொஞ்ச நேரம் உடுக்கை தடுமாறியது. அப்புறம் தருமன் குனிந்துகொண்டு, தாளமும் இல்லாமல் ஒழுங்கும் இல்லாமல், கண்டபடி அடிக்கத் தொடங்கினான். அவன் அடிக்கு இவள் ஆட முடியாதபடி, பார்க்கிறவர்களுக்குப் பழைய மாதிரி தெரியும்படி அடித்தான். அண்ணன் என்றால் அவன்தான் அண்ணன்.

வேதாசலம் முன்னால் வந்து விழுந்து எழுந்தார். "தாயே, வலை எடுக்கலாமா?"

"எடு" என்றாள் அம்மணி.

ஊர் போட்ட குலவைச் சத்தம் ஏரிக்கு அந்தாண்டை வரைக்கும் கேட்டிருக்கும். ஆளாளுக்கு வந்து கேட்டார்கள். முனியம்மாள் பால் வேண்டும் என்றாள். "வலை எடுத்து மீனு துன்னு, வரும்" என்றாள் அம்மணி. ஒருத்தனுக்குக் கால்வலி, ஒருத்திக்குப் புருஷன் அடிக்கிறான். தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததற்குத் திருநீற்றைக் கொடுத்தாள்.

கடைசியில் கோபால் வருவான் என்று அவளுக்குத் தெரியும். அவன் பிள்ளையைப் பற்றிக் கேட்பான். அவள்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரு வருஷமாகக் காத்திருந்த வார்த்தையைத் தானே செய்து தானே சொல்ல வேண்டிவந்துவிட்டது. ஆனால் அவன் அதை நம்பிக் கேட்பவன். 'நல்லா கீறான், ஏழு வயசாவுது, நைனா மாதிரி வளர்ந்துட்டான்' என்று சொல்ல வேண்டியதுதான் என்று மனசைத் தயார் செய்துகொண்டாள்.

கோபால் வந்தான். மண்ணில் மண்டியிட்டு, அடுத்தவருக்குக் கேட்காத குரலில் பேசினான்.

"தாயே, வருசா வருசம் கேக்குறதுதான். அவ துன்னமாட்டேன்றா. ராவெல்லாம் முழிச்சிக்கினு கெடக்குறா. துரை வூட்டுக்கு அனுப்பினேன், கொஞ்ச நாளு தேவலையா இருந்தா, அதுவும் போச்சி. எனக்கு வலை வாணாம், வேற ஒண்ணும் வாணாம். அவ ஒரு நாளாச்சும் வயிறாரத் துன்னுட்டுத் தூங்கணும்."

அம்மணி காத்திருந்தாள். அன்று காலையிலிருந்து கேட்ட ஒவ்வொரு குரலிலும் ஏற்றமும் இறக்கமும் பிசிறும் அவள் காதில் தனித்தனியாக விழுந்துகொண்டிருந்தன. இந்தக் குரலில் அப்படி எதையும் அவள் கவனிக்கவில்லை. கோபால் பேசினான், அதைக் கேட்டாள். அவன் பிள்ளையைப் பற்றிக் கேட்பான் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் பேசி முடித்துவிட்டுத் திருநீற்றுக்குக் கையை நீட்டினான்.

"புள்ளையைப் பத்திக் கேக்கலியாடா?" என்றாள். அம்மாவின் குரலில்தான் கேட்டாள், கொஞ்சம் உடைந்துவிட்டது.

"அவனைத்தான் நீ எடுத்துக்கினியே தாயே. இனிமே கேட்டு இன்னா."

"போன வருசம் உனக்கு நான் இன்னா சொன்னேன்?"

கோபால் நிமிர்ந்து பார்த்தான். "எனக்கு நீ எப்பவும் ஒண்ணும் சொன்னதில்லையே. திருநீறு குடுப்ப. வாங்கிக்கினு போவேன்."

அம்மணி திருநீற்றை அள்ளி அவன் கையில் போட்டாள். பாதி மண்ணில் கொட்டியது. அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அம்மா மலையேறிவிட்டாள் என்று சொல்லிப் பெண்கள் தண்ணீரோடு ஓடிவந்தார்கள்.

கோபால் அவளைத் தாங்கிப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தான். கோயில் பக்கம் வலைகளைப் பிரிக்கிற ஆரவாரம் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் அதற்குப் போகாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஈரத்துணியால் அவள் முகத்திலிருந்த மஞ்சளைத் துடைத்தான். வழக்கமாக இந்த நேரத்தில் அவள்தான் முதலில் கேட்பாள். இன்றைக்கு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா, கேக்கலியா?" என்றான் கோபால்.

"அம்மா இன்னா சொன்னா?"

"புள்ளை நல்லா கீறானாம்" என்றான். அப்புறம் கொஞ்சம் நிறுத்தினான். முன்பெல்லாம் இந்த நிறுத்தம் அவளுக்குக் கேட்டதில்லை. "வலை பின்னக் கத்துக்கினானாம். கையில ஊசி குத்திக்கினு, அப்பவும் அழுவலியாம்."

மூன்று வருஷம் படகில், ஏரித் தண்ணீரில், தனியாக நின்றுகொண்டு இவன் இதையெல்லாம் யோசித்திருக்கிறான். முன்பல் எந்த வயசில் ஆடும் என்று யாரையாவது கேட்டிருப்பான். தன் பிள்ளையை ஒவ்வொரு வருஷமும் ஒரு வயசு வளர்த்து, கொண்டுவந்து இவள் காதில் போட்டிருக்கிறான். அவன் பிள்ளையைப் பற்றி யார் வந்து அவனுக்குச் சொன்னார்கள்? அம்மணிக்கு அழுகை வந்தது. நாலாவது ஆடியில், அம்மா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை என்று, அழுதாள். கோபால் பதறிப்போய் அவள் தோளைப் பிடித்தான்.

"இன்னா, இன்னா ஆச்சி? நல்ல சேதிதானே சொன்னா?"

"நல்ல சேதிதான்" என்றாள் அம்மணி. மூக்கைச் சிந்திவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வூட்டுல கஞ்சி கீதா? பசிக்குது."

அவன் எழுந்த வேகத்தில் தண்ணீர்ச் செம்பு உருண்டு போனது. பானையில் இருந்ததையெல்லாம் வழித்துக்கொண்டுவந்து வைத்தான். தனக்கு வேண்டாம், கோயிலில் சாப்பிட்டாயிற்று என்று பொய் சொன்னான். அதுவும் அவளுக்குக் கேட்டது. அவனையும் பக்கத்தில் உட்காரவைத்து, இருவருமாகச் சாப்பிட்டார்கள்.